புகையும் தூசியும் செயற்கைக்கோள் படத்தில்: குமரி மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கல்குளம் பக்கத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சில வருஷங்களாகப் பள்ளிகள், நூலகங்கள், கடற்கரை ஊர் மன்றங்கள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், செயற்கைக்கோள் படங்களைத் திரையில் காட்டிப் பேசுகிறேன். மழையையும் புயலையும் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அதிகம் கேட்பது புகையையும் தூசியையும் பற்றி. குளச்சலில் வந்த அதே சந்தேகம் குலசேகரத்திலும் வருகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

“சாரே, சேட்டிலைட்டுல புகை எப்படித் தெரியும்? அவ்வளவு உயரத்துல இருந்து போட்டோ எடுக்குதா?”

ஒரு பங்கு போட்டோதான். சூரிய வெளிச்சம் தரையிலும் கடலிலும் பட்டு மேலே திரும்பிப் போகிறது. நடுவில் புகையோ தூசியோ இருந்தால் அந்த வெளிச்சத்தைச் சிதறடிக்கும், கொஞ்சத்தை விழுங்கவும் செய்யும். கடல் மேலிருந்து பார்த்தால் கருநீலம். அதன்மேல் புகை படர்ந்தால் சாம்பல் பூசின மாதிரி வெளிறிவிடும். இதைத்தான் படத்தில் பார்க்கிறோம்.

ஆனால் நம் கண் பார்க்காததையும் அந்தக் கருவிகள் பார்க்கும். நாசாவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் இருக்கும் மோடிஸ் கருவி 36 அலைவரிசைகளில் பார்க்கிறது. வெப்பத்தைப் பார்க்கும் அலைவரிசையில் தீ பளிச்சென்று தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-5பி 2017 அக்டோபரில் ஏவப்பட்டது. அதில் இருக்கும் ட்ரோபோமி கருவி வெளிச்சத்தை மிக நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கும். ஒவ்வொரு வாயுவும் வெளிச்சத்தில் தனக்கென்று சில பகுதிகளை விழுங்குகிறது. எந்தப் பகுதி குறைந்திருக்கிறது என்று பார்த்து நைட்ரஜன் டை ஆக்சைடா, கார்பன் மோனாக்சைடா, சல்பர் டை ஆக்சைடா என்று சொல்லிவிடலாம். ஆக, கண்ணுக்கே தெரியாத வாயுவுக்கும் வரைபடம் கிடைக்கிறது.

“படத்துல வெள்ளையா ஒண்ணு கெடக்கு. அது மேகமா, புகையா, பனியா, எப்படிச் சொல்லுவீங்க?”

எல்லாருக்கும் முதலில் தடுக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மேகம் கெட்டியான வெள்ளை. ஓரம் தெளிவாக இருக்கும், பெரும்பாலும் பக்கத்தில் நிழல் விழுந்திருக்கும். புகை நீலம் கலந்த சாம்பல் நிறம். அதன் வழியே கீழே இருக்கும் மலையும் குளமும் மங்கலாகத் தெரியும். பெரிய தீ என்றால் புகை ஒரு புள்ளியில் மெல்லியதாக ஆரம்பித்து, காற்று போகும் பக்கம் விசிறி மாதிரி விரியும். பாலைவனத் தூசி மணல் நிறத்தில், சிலசமயம் பழுப்பேறிய மஞ்சளாக இருக்கும். புறப்பட்ட புள்ளி என்று ஒன்று நம் பக்கத்தில் இருக்காது. மலைப்பனி பள்ளத்தாக்கின் வடிவத்துக்கே படிந்து கிடக்கும், வெயில் ஏறினால் ஓரத்திலிருந்து கரையும். பேச்சிப்பாறைப் பக்கம் காலைப் படத்தில் வெள்ளையாக வளைந்து கிடப்பது பெரும்பாலும் பனிதான்.

குமரிக்கடலில் இன்னொரு ஏமாற்று உண்டு. சூரியன் கடலில் பட்டு நேராகச் செயற்கைக்கோளின் கண்ணில் அடித்தால், கடல் வெள்ளித் தகடு மாதிரி பளபளக்கும். வெயில் உச்சியில் நிற்கும் வெப்பமண்டலத்தில் இருக்கிறோம், அதனால் இது அடிக்கடி வரும். முட்டத்துக்குத் தெற்கே கடல் முழுக்கப் புகை என்று ஒரு பையன் பதறிப்போய் எனக்கு அனுப்பிய படம் அப்படிப்பட்டதுதான். மறுநாள் படத்தில் அந்த வெள்ளிப்பட்டை வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தால் அது வெயில். புகை என்றால் கரையோடு உறவு வைத்திருக்கும், எங்கிருந்தோ கிளம்பி எங்கோ போகும்.

“சேட்டிலைட் நம்ம ஊரை நாள் முழுக்கப் பாத்துட்டே இருக்குமா?”

இரண்டு வகை உண்டு. நம் இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் போன்றவை ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றுவதால் எப்போதும் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒரு படம் எடுக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தால் கால் மணிக்கு ஒன்று. ஆனால் ரொம்பத் தூரம். படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. பகல் வெளிச்சப் படத்தில் ஒரு புள்ளி தரையில் ஒரு கிலோமீட்டர் அகலம், வெப்பப் படத்தில் நாலு கிலோமீட்டர்.

இன்னொரு வகை எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் ஓடும். அதற்குக் கண் கூர்மை, ஆனால் நம் தலைக்கு மேல் வந்து போவது சில நிமிடம். மோடிஸ் மாதிரியே படமும் தீயும் பார்க்கும் வீர்ஸ் கருவி இருக்கும் சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 மூன்றும் மதியம் ஒன்றரை மணி வாக்கிலும் நள்ளிரவு ஒன்றரை வாக்கிலும் முன்பின்னாக வரும். மோடிஸ் பார்க்கும் பாதை 2,330 கிலோமீட்டர் அகலம். பூமத்திய ரேகை பக்கத்தில் அடுத்தடுத்த பாதைகள் முட்டாமல் இடைவெளி விழும், படத்தில் அது கறுப்பு ஆப்பு மாதிரி இருக்கும். சில நாள் அந்தக் கறுப்பு ஆப்பு சரியாகக் குமரி மேலேயே விழுந்துவிடும். வீர்ஸ் பாதை 3,000 கிலோமீட்டருக்கு மேல், அதில் இந்தத் தொல்லை இல்லை. டெர்ராவும் அக்வாவும் வயதானவை. எரிபொருள் குறைந்துவிட்டதால் பழைய நேரத்துக்கு வருவதில்லை, டெர்ரா முந்தியும் அக்வா பிந்தியும் வருகின்றன. எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் மணியைப் பாருங்கள். பல தளங்களில் கிரீன்விச் நேரம் இருக்கும், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

“பக்கத்து விளையில தெனமும் பிளாஸ்டிக் எரிக்காங்க. அதை சேட்டிலைட்டுல காட்ட முடியுமா?”

முடியாது என்றுதான் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்குப் பழக்கமான கணக்கில் சொல்கிறேன். இலவசமாகக் கிடைப்பதில் கூர்மையானது சென்டினல்-2. அதன் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். ஒரு சின்ன வீடு நிற்கும் இடம். வீர்ஸின் தீப்புள்ளி 375 மீட்டருக்கு 375 மீட்டர், ஏறக்குறைய 35 ஏக்கர். ட்ரோபோமியின் புள்ளி ஐந்தரை கிலோமீட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர். நம் மாவட்டம் மொத்தமே அதற்குத் தொண்ணூறு புள்ளிக்குள் அடங்கிவிடும்.

கூர்மையான சென்டினல்-2 நம் ஊர்மேல் தினமும் வராது. காலை பத்தே முக்கால் வாக்கில், ஐந்து நாளுக்கு ஒருமுறை. பக்கத்து விளையில், அதாவது தோட்டத்தில், சாயந்திரம் ஆறு மணிக்கு எரிக்கிற ஒரு குவியல் பிளாஸ்டிக் இதில் எதிலும் சிக்காது. ஆனால் அந்தப் புகை உங்கள் பிள்ளையின் மூச்சில் சிக்குகிறது, அது எனக்குத் தெரியும். அதற்கு உள்ளாட்சியில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள், நேரம் பதிந்த போட்டோவோடு. வானத்திலிருந்து சாட்சி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

“தீ காட்டுற மேப்புல எங்க ரப்பர் தோட்டத்து மேல செவப்புப் புள்ளி. அங்க தீயே இல்லை. பொய்யா?”

நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தைச் சொல்கிறார்கள். செயற்கைக்கோள் கடந்து போன மூன்று மணி நேரத்துக்குள் அதில் புள்ளி ஏறிவிடும். புள்ளி வரையப்படுவது அந்த 35 ஏக்கர் கட்டத்தின் நடுவில். தீ கட்டத்தின் எந்த மூலையிலும் இருக்கலாம். அதனால் பக்கத்துத் தோட்டத்தில் சருகு எரித்தால் புள்ளி உங்கள் மேல் விழும்.

புள்ளி பெரிதாக இருந்தால் தீ பெரிது என்று அர்த்தமில்லை. கட்டத்தில் வழக்கத்துக்கு மாறான சூடு இருந்தது, அவ்வளவுதான் சேதி. புள்ளியைத் தொட்டால் நம்பகத்தன்மை குறைவு, சாதாரணம், அதிகம் என்று மூன்றில் ஒன்று காட்டும். பகலில் வெயில் பளபளப்பு ஏமாற்றும் இடங்கள் ‘குறைவு’ என்று வரும். இரவுப் புள்ளியை நான் அதிகம் நம்புவேன். சுற்றிலும் குளிர்ந்து கிடப்பதால் பகலைவிடச் சின்னத் தீயும் அப்போது அகப்படும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புள்ளி விழுந்தால் அது காட்டுத்தீ அல்ல, சூளையோ ஆலையோ.

“ரப்பர் ஷீட் புகை போடுற கூடம், அண்டி ஆபீஸ், செங்கல் சூளை... இதெல்லாம்?”

ஷீட் உலர்த்தும் கூடத்தின் புகை தென்னை உயரம்கூடத் தாண்டாமல் கலைந்துவிடும். முந்திரி வறுக்கும் புகையும் அப்படித்தான். தனித்தனியாகத் தெரியாது. பெரிய சூளையின் இருப்பிடம், சிவந்த மண், அடுக்கிய கல் எல்லாம் சென்டினல்-2 படத்தில் தெரியும். அதன் புகை தெரிவது அபூர்வம். ஆனால் இந்தச் சின்னப் புகைகள் எல்லாம் சேர்ந்துதான் காலை நேரத்தில் கிராமத்தின் மேல் நிற்கிற மூட்டம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

“காட்டுல தீ புடிச்சா நமக்கு எப்போ தெரியும்?”

மாசி, பங்குனியில் ஆரல்வாய்மொழிக்கு மேலே உள்ள காய்ந்த சரிவுகளும் புல்மேடுகளும் தீக்குப் பயப்பட வேண்டிய இடங்கள். கோதையாறு, முத்துக்குழிவயல் பக்கத்து ஈரக்காடு அவ்வளவு எளிதில் பற்றாது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் மோடிஸ், வீர்ஸ் தரும் தீப்புள்ளிகளை வன எல்லையோடு ஒப்பிட்டு, வனத்துறையினரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்துகொண்டால் தங்கள் பகுதிக்கான எச்சரிக்கை வரும். மலையோர ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன்.

ஒரு மாசி மாதம் ஆரல்வாய்மொழிக்கு வடக்கே ஒரு சரிவில் காய்ந்த புல் பற்றியதை ஒரு மாணவனின் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். பகல் பன்னிரண்டுக்குச் சின்னதாகக் கிளம்பியது. கணவாயில் கிழக்குக் காற்று தள்ளிக்கொண்டிருந்ததால் புகை மேலே ஏறவே இல்லை, சரிவோடு ஒட்டிப் படுத்து மேற்கே போயிற்று. காற்றாலை இறக்கைகளின் கீழ்ப்பாதி மட்டும் புகைக்குள் மறைந்து மறைந்து வெளியே வந்தது. மாடியில் உலர்ந்துகொண்டிருந்த துணியில் கரும்புல் இழைகள் வந்து ஒட்டின, தொட்டால் பொடியாயின. சாயந்திரம் வீர்ஸ் படத்தைத் திறந்தோம். மலைமேல் மேகத்துக்கும் வெறும் பாறைக்கும் நடுவில் நகக்கீறல் மாதிரி ஒரு சாம்பல் கோடு. நேரில் பார்த்திராவிட்டால் நான் அதைத் தாண்டிப் போயிருப்பேன். அன்றிலிருந்து எங்கே புகை பார்த்தாலும் மணி, காற்றடிக்கும் திசை இரண்டையும் நோட்டில் எழுதி வைக்கிறேன். அந்தக் குறிப்பை வைத்துப் படத்தைப் பார்த்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடுகிறது.

“தை மாசம் காலையில கடல் மங்கிக் கெடக்கு. வள்ளத்துல போறவங்களுக்குக் கரை தெரியல. பனின்னு சொல்லுதாங்க. பஞ்சாப்ல வைக்கோல் எரிச்ச புகைன்னும் சொல்லுதாங்க. எது சரி?”

என்னிடம் வந்த கேள்விகளில் இதற்குத்தான் பெரிய பதில் இருக்கிறது. கார்த்திகை முடிந்து மழை ஓய்ந்ததும் வாடைக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். மழை இல்லாததால் காற்றைக் கழுவ ஆளில்லை. வட இந்தியா தொடங்கி வழி நெடுக இருக்கும் விறகடுப்பு, வாகனம், நிலக்கரி, சருகு எரிப்பு எல்லாவற்றின் துகளும் இந்தக் காற்றில் ஏறித் தெற்கே, கடலுக்கு மேல் போகிறது. 1999-ல் ஜனவரி முதல் மார்ச் வரை மாலத்தீவை மையமாக வைத்து இந்தோயெக்ஸ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. விமானம், கப்பல், செயற்கைக்கோள் எல்லாம் சேர்த்து அளந்தார்கள். தமிழ்நாட்டில் பிறந்த வீரபத்ரன் ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்ஸனும் அதை முன்னின்று நடத்தியவர்கள். வட இந்தியப் பெருங்கடலின் பெரும்பகுதிக்கு மேல் பழுப்பு மூட்டம் படர்ந்திருப்பது அதில்தான் உலகத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாம் இருப்பது அது கடலில் இறங்கும் வழியில்.

வைக்கோல் விஷயம் வேறு. பஞ்சாப், ஹரியானாவில் எரிப்பது அக்டோபர், நவம்பரில். அந்தப் புகை கங்கைச் சமவெளியில் தேங்கி வங்கக்கடல் பக்கம் இறங்கும். இங்கே அப்போது வடகிழக்குப் பருவமழை. அதனால் தையில் பார்க்கும் மங்கலை அந்த ஒரு புகையின் தலையில் கட்ட முடியாது. அது பல அடுப்புகளின் கூட்டுப் புகை, நம் அடுப்பும் அதில் சேர்த்தி.

பனி என்பதும் பாதி சரி. காற்றில் ஈரம் ஏறினால் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி வீங்கும். வீங்கிய துகள் வெளிச்சத்தை இன்னும் அதிகமாகச் சிதறடிக்கும். விடியற்காலையில் நிலக்காற்று ஊர்ப்புகையைக் கடலுக்குத் தள்ளுவதும் அந்த நேரத்தில்தான். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியும் கரை தெரியாமல் மங்கியே இருந்தால் அது வெறும் பனி அல்ல. வள்ளக்காரர்களுக்கு நான் சொல்லும் அடையாளம் இது. இன்சாட்டின் காலை ஏழு, ஏழரை மணிப் படத்தைப் பாருங்கள். சூரியன் சாய்வாக இருக்கும்போது மூட்டம் மதியத்தைவிட நன்றாகத் தெரியும்.

நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் தும்பாவில், இஸ்ரோவின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் பல பத்தாண்டுகளாகக் காற்றுத்துகளை அளந்துவருகிறது. குளிர்காலத்தில் கரித்துகள் கூடுவதும் தென்மேற்குப் பருவமழையில் குறைவதும் அங்கே அளந்து பதிவானது. அந்த அளவு குமரியின் மேற்குப் பாதிக்கும் ஏறத்தாழப் பொருந்தும் என்று நினைக்கிறேன், ஒரே கடற்கரைதானே.

“ஆனி ஆடியில அரபு நாட்டு மணல் இங்க வருமா? வளைகுடாவுல வேலை பாக்குற என் தம்பி சொல்லுதான்.”

தம்பி சொல்வது சரிதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அரேபியாவிலும் ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையிலும் கிளம்பும் தூசி அரபிக்கடலைத் தாண்டி இந்தியாவின் மேற்குக் கரை வரை வருகிறது. கடல் மட்டத்தில் அடிக்கும் ஈரக்காற்றுக்கு மேலே, ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் அது பயணம் செய்யும். அதனால் நம் வாசலில் மணல் படியாது.

இதைப் பார்க்க எனக்குப் பிடித்த வழி, 45.5 பாகை கிழக்கில் நிற்கும் ஐரோப்பாவின் மீட்டியோசாட்-9 தரும் தூசிப்படம். அதில் தூசி இளஞ்சிவப்பாக இருக்கும், இரவிலும் தெரியும். வெப்பக்கதிரில் 10.8, 12 மைக்ரோமீட்டர் என்று இரண்டு அலைவரிசைகளை ஒப்பிடுகிறார்கள். மணல்தூசி முதலாவதை அதிகம் விழுங்கும், உயரத்துப் பனிக்கட்டித் துகள் மேகம் இரண்டாவதை. அந்த வித்தியாசத்துக்குத்தான் நிறம் கொடுத்திருக்கிறார்கள். ஓமன் கரையிலிருந்து இளஞ்சிவப்பு நாக்கு ஒன்று நாளுக்கு நாள் நம் பக்கம் நீள்வதைக் குழந்தைகளுக்கு ஓட்டிக் காட்டினால் வகுப்பில் சத்தமே இருக்காது.

“மழைக்காலத்துல படம் முழுக்க வெள்ளையா இருக்கே. அப்போ என்ன பண்ணுவீங்க?”

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் வருஷத்தில் பாதி நாள் இந்தக் கஷ்டம்தான். மேகத்துக்குக் கீழே உள்ள புகையை எந்த ஒளிப்படமும் காட்டாது. வெப்பக் கருவியும் கெட்டியான மேகத்தைத் துளைக்காது. மேகத்துக்கு மேலே தூசியோ புகையோ மிதந்தால் புற ஊதா வெளிச்சத்தைத் துகள் விழுங்குவதைக் காட்டும் ட்ரோபோமியின் குறியீட்டில் தெரியும்.

2025 ஜூன் 9 அன்று கொழும்பிலிருந்து மும்பைப் பக்கம் போன வான் ஹை 503 சரக்குக்கப்பல் கேரளக் கடலுக்கு அப்பால் தீப்பிடித்தது. ‘தினமும் படம் போடுங்க சாரே’ என்று பலர் கேட்டார்கள். பருவமழை மேகத்தில் நான் காட்டக்கூடியது கொஞ்சம்தான் இருந்தது. ராடார் செயற்கைக்கோள் சென்டினல்-1 மேகத்தைத் துளைத்துக் கப்பலையும் எண்ணெய்ப் படலத்தையும் காட்டும், ஆனால் புகை ராடாருக்குத் தெரியாது. அந்த மாதிரி நாளில் காற்றின் திசையைப் பார்த்துக் கணிப்பதுதான் வழி.

“கடல்ல போற கப்பல் புகையும் கணக்குல வருமா?”

வரும், அதுவும் கோடு போட்ட மாதிரி. இலங்கையின் தென்முனையைச் சுற்றிச் சுமத்ராவுக்கும் செங்கடலுக்கும் போகும் கப்பல்பாதை உலகத்தின் நெரிசலான பாதைகளில் ஒன்று. நமக்குத் தெற்கே அது போகிறது. பல மாதப் படங்களைச் சராசரி எடுத்தால், நைட்ரஜன் டை ஆக்சைடு அந்தப் பாதையில் ஒரு மெல்லிய கோடாக எழும். இந்த வாயுவுக்கு ஆயுள் சில மணி நேரம்தான், அதனால் புறப்பட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராது, கோடு கலையாமல் நிற்கிறது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் உச்சவரம்பு மூன்றரை சதவீதத்திலிருந்து அரை சதவீதமாகக் குறைக்கப்பட்டது, அது நல்ல காரியம். ஆனால் நைட்ரஜன் டை ஆக்சைடு அதனால் குறையாது.

கார்பன் மோனாக்சைடு இதற்கு நேர்மாறு. வாரக்கணக்கில் தங்கும். தூரத்துப் புகையின் வழியைப் பின்தொடர அதுதான் உதவும்.

“கூடங்குளத்துல ஏதாவது கசிஞ்சா சேட்டிலைட் சொல்லுமா?”

சொல்லாது. கன்னியாகுமரியிலிருந்து நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டர் வாக்கில்தான் இருக்கிறது, அதனால் இந்தப் பயம் நியாயமானது, கேட்பவர்களை நான் ஒருநாளும் தட்டிக்கழிப்பதில்லை. கதிர்வீச்சைக் காற்றுமண்டலமே விழுங்கிவிடும், விண்வெளி வரை போகாது. புகைக்கு இருக்கிற நிறமும் அதற்கு இல்லை. தரையில் வைக்கும் அளவிகள்தான் அதைப் பார்க்கும். மணவாளக்குறிச்சி மணலில் இயற்கையாக இருக்கும் தோரியத்தின் கதிர்வீச்சையும் தரையில் கருவி வைத்துத்தான் அளக்கிறார்கள். அனல்மின் நிலையம் வேறு கதை. அங்கே நிலக்கரி எரிகிறது, நைட்ரஜன் டை ஆக்சைடு படத்தில் தெரியும்.

“டாரஸ் லாரி ஓடுற ரோட்டுல தூசி கண்ணைத் தெறக்க விடல. குவாரியால மலையே காணாமப் போவுது. இதைப் படத்துல காட்டலாமா?”

தூசியைக் காட்ட முடியாது. பாறைப்பொடி கனமானது, கிளம்பிய சில நூறு மீட்டருக்குள் இறங்கிவிடும். ஆனால் மலை குறைவதை அருமையாகக் காட்டலாம். சென்டினல்-2 படங்களில் ஒரே மலையை 2016 முதல் வருஷத்துக்கு ஒன்றாக, ஒரே மாதத்தில் எடுத்து வரிசையாக வையுங்கள். பச்சை எவ்வளவு வெள்ளையானது என்று புள்ளிகளை எண்ணி, இரண்டரையால் பெருக்கினால் சென்ட் கணக்கு கிடைக்கும். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டத்தாளை ஒட்டி வைத்து இதைச் செய்தார்கள். தங்கள் ஊர் மலை அது. எண்ணி முடித்ததும் ஒரு பெண், “இதுல எங்க பாட்டி மாடு மேய்ச்ச இடம் எது சார்?” என்று கேட்டாள். வெள்ளைப் பகுதிக்குள்தான் இருந்தது.

“ஆப்புல காத்து சுத்தம்னு பச்சையா காட்டுது. எங்க அம்மாவுக்குக் காலையில மூச்சு முட்டுது. யாரை நம்ப?”

அம்மாவை நம்புங்கள். செயற்கைக்கோள் தருவது ஏஓடி என்ற எண். தரையிலிருந்து வானம் வரை இருக்கும் மொத்தத் துகளும் வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்ற கணக்கு அது. 0.1 என்றால் தெளிந்த வானம், 1 என்றால் கடும் மூட்டம். நம் மூக்கு இருப்பது அந்த உயரத்தின் அடியில், ஐந்தடியில். அந்த இடத்துக்கான அளவு பிஎம் 2.5, அதாவது இரண்டரை மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான துகள். நம் நாட்டு வரம்பு 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 15.

குளிர்காலக் காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும். சருகுப் புகை, விறகடுப்பு, முன்னே சொன்ன ஷீட் கூடம், எல்லாம் அந்த மூடிக்குள் தேங்கும். வீர்ஸ் மதியம் வருவதற்குள் வெயில் மூடியைத் திறந்து புகையைக் கரைத்துவிடும். படம் சுத்தமாக இருக்கும், அம்மா மூச்சு முட்டியதும் உண்மையாக இருக்கும்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். ஆடிக் கடல் கொந்தளிக்கும்போது உப்புத்துகள் கூடி ஏஓடி ஏறும், மூச்சுக்கு அவ்வளவு கெடுதல் இராது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன அளவிகள் உதவும். ஆனால் நம் ஊர் ஈரத்தில் அவை கூடுதலாகக் காட்டும், எண்ணைவிட ஏறி இறங்கும் போக்கைக் கவனியுங்கள். மூச்சுத்திணறல் தொடர்ந்தால் எண்ணைத் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

“விண்டியில செவப்பா ஓடுதே, அது சேட்டிலைட் படம்தானே?”

இல்லை. விண்டி என்ற வானிலைத் தளத்தில் ஓடுவது கணினி போடும் கணக்கு. ஐரோப்பாவின் காம்ஸ் அமைப்பு செயற்கைக்கோள் அளவுகளையும் காற்றோட்டத்தையும் சேர்த்துக் கணித்து வரும் நாட்களுக்கு முன்னறிவிப்பு தருகிறது. கட்டம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நாகர்கோவிலும் மலையும் கடலும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடலாம். பெரிய மூட்டம் எப்போது வரும், எப்போது விலகும் என்று பார்க்க நல்லது. உங்கள் தெருவைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

“எத்தியோப்பியாவுல எரிமலை வெடிச்சு டெல்லிக்குச் சாம்பல் வந்துச்சே. நமக்கு ஏன் வரல?”

2025 நவம்பர் 23 அன்று ஹேலி குப்பி எரிமலை வெடித்தது. சாம்பல் 14 கிலோமீட்டர் உயரம் வரை போனது. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து பலமாக அடித்த காற்று அதை ஏமன், ஓமன், அரபிக்கடல் வழியாக மறுநாளே குஜராத், ராஜஸ்தான், டெல்லிப் பக்கம் கொண்டுவந்தது. சல்பர் டை ஆக்சைடு படத்தில் அந்த வழி முழுக்கத் தெரிந்தது. அந்தக் காற்றோட்டம் ஓடியது நமக்கு வெகு வடக்கே. டெல்லியும் நாமும் நேர்க்கோட்டில் 2,200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறோம்.

“குப்பைக் கிடங்கு எரியுது. படத்தை ஆதாரமாக் கொடுத்தா ஒத்துக்குவாங்களா?”

துணை ஆதாரமாகக் கொடுக்கலாம், தனியாக நிற்காது. நாங்கள் ஒருமுறை பட்டதைச் சொல்கிறேன். ஒரு ஊரின் குப்பைக்கிடங்கு வெள்ளிக்கிழமை சாயந்திரம் பற்றியது. கேட்டபோது, அன்றைக்கே அணைத்துவிட்டோம் என்று பதில் வந்தது. சென்டினல்-2 வரும் நாள் ஞாயிறு. காலை பத்தே முக்கால் படத்தில் கிடங்கின் வடமூலையிலிருந்து மூன்று புள்ளி அகலத்தில் ஒரு சாம்பல் இழை தென்மேற்கே போயிருந்தது. அதே நேரத்துக்குப் பக்கத்துத் தெருப் பெண்கள் மூன்று பேர் மாடியிலிருந்து எடுத்த போட்டோவும் இருந்தது. இரண்டையும் சேர்த்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, இந்திய நேரம், செயற்கைக்கோளின் பெயர் எல்லாம் எழுதிக் கொடுத்தோம். அதற்கப்புறம் பதில் மாறியது, தண்ணீர் லாரியும் வந்தது.

படத்தின் நிறத்தையும் மாறுபாட்டையும் கூட்டாமல், தளத்தில் இருந்தபடியே கொடுங்கள். அந்தப் பெண்களின் போட்டோ இல்லாவிட்டால் எங்கள் சாம்பல் இழையை மேகம் என்று ஒதுக்கியிருப்பார்கள்.

“தீபாவளிப் புகை தெரியுமா?”

நாம் வெடி போடுவது விடியற்காலையும் இரவும். வீர்ஸ் வருவது ஒன்றரைக்கு. அதோடு ஐப்பசி மேகம். நான் பார்த்தவரை இங்கே அகப்பட்டதில்லை.

“பழைய படமெல்லாம் கிடைக்குமா? காசு கேப்பாங்களா?”

காசு இல்லை. நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் 2000-ம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நாள்வாரியாகப் படம் இருக்கிறது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் உலாவி என்ற தளத்தில் சென்டினல் படங்கள், இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்தில் இன்சாட் படங்கள். கைபேசியே போதும்.

ஒரு நூலகத்தில் பேசி முடித்ததும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தான் பிறந்த நாளைப் போட்டுக் காட்டச் சொன்னாள். மார்ச் மாதத் தேதி. மேகம் இல்லாத நாள், கறுப்பு ஆப்பும் விழவில்லை. கடல் நீலமாக இல்லாமல் பாலாடை படிந்த மாதிரி மங்கியிருந்தது. “இது பனியா புகையா சார்?” என்று கேட்டாள். மணியைப் பார்க்கச் சொன்னேன். கிரீன்விச் நேரத்தோடு ஐந்தரையை விரல்விட்டுக் கூட்டிவிட்டு, “பத்து மணி தாண்டியாச்சு, அப்போ பனி இல்லை” என்றாள்.